மதுரை – சென்னை விமானப் பயணம்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் விமானம் ஏறிச் சென்னை மீனம்பாக்கத்தில் இறங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. கொழும்பு, பெங்களூரு, துபாய் பற்றியும் நிறையப் பேர் கேட்பதால் அவையும் நடுவில் வரும். விமான அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் புறப்படும் நேரங்களை இங்கே தரவில்லை. தூரம் மாறாது, அதை நம்பிக் கணக்குப் போடலாம்.

மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத் தூரம் எவ்வளவு?

நேர்கோட்டில் 417 கி.மீ. மைலில் சொன்னால் 259. விமானிகள் பேசுவது கடல் மைல் கணக்கு, அதில் 225. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

பெருங்குடி பக்கத்தில் இருக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவே, பூமியின் வளைவை ஒட்டி இழுத்த மிகக் குறுகிய கோட்டின் நீளம் இது. விமானம் உண்மையில் ஓடும் தூரம் இதைவிடக் கொஞ்சம் கூடும். கிளம்பும் திசை, இறங்கும் திசை, வானில் வகுத்திருக்கிற பாதை, மீனம்பாக்கத்தில் காத்திருக்கும் வரிசை எல்லாம் சேர்ந்து தினமும் அந்தக் கூடுதலை மாற்றிக்கொண்டே இருக்கும்.

ஓரிடத்தில் 417 என்கிறார்கள், இன்னோரிடத்தில் 421 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்தால் 417. ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்கு அளந்தால் 421 பக்கம் வரும். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது, மீனம்பாக்கம் சென்னையின் நடுப்பகுதிக்குத் தென்மேற்கே இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கம் விலகியிருப்பதால்தான் வித்தியாசம் இவ்வளவு சின்னதாக முடிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பூமியை உருண்டைப் பந்தாக வைத்துக் கணக்கிட்டால் ஒரு விடை, துருவங்களில் லேசாகச் சப்பையான அதன் உண்மை வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் இன்னொரு விடை. இந்தத் தூரத்துக்கு அந்த வேறுபாடு ஒரு கி.மீ.தான் வரும்.

அந்த நேர்கோடு எந்தெந்த ஊர்களுக்கு மேலே போகிறது?

வரைபடத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மதுரை விமான நிலையத்தையும் மீனம்பாக்கத்தையும் இணைக்கும் கோடு திருச்சி விமான நிலையத்தின் மேலேயே போகிறது. மதுரையிலிருந்து திருச்சி 123 கி.மீ., அங்கிருந்து சென்னை 294 கி.மீ.; கூட்டினால் அதே 417. அதற்கப்புறம் விழுப்புரம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு என்று எல்லாமே கோட்டின் மேல் அல்லது அதை உரசிக்கொண்டு இருக்கின்றன. பெரம்பலூர் மட்டும் பத்துப் பதினைந்து கி.மீ. மேற்கே ஒதுங்கியிருக்கிறது.

அதாவது, நாம் காரில் போகிற நான்குவழிச் சாலையும் விமானத்தின் நேர்கோடும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால்தான் சாலைத் தூரம் 460 கி.மீ. அளவில் நின்றுவிடுகிறது, விமானத் தூரத்தைவிடப் பத்து சதவீதம்தான் கூடுதல். தமிழ்நாட்டில் இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே இப்படி அமைவது அபூர்வம். கொச்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: மதுரையிலிருந்து கொச்சி விமான நிலையம் நேர்கோட்டில் 190 கி.மீ.கூட இல்லை. ஆனால் தேனி, போடி, மூணாறு என்று மலையேறி இறங்கினால் 250 கி.மீ.க்குக் குறையாது. நேரமோ பாதி நாளை விழுங்கிவிடும்.

ரயில் பாதை வேறு மாதிரி. அது மதுரையிலிருந்து முதலில் திண்டுக்கல்லுக்குப் போய்விட்டுத்தான் திருச்சிக்குத் திரும்புகிறது. பிறகு அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம் வழியாக எழும்பூர். மொத்தம் 493 கி.மீ.

வானத்தில் எவ்வளவு நேரம் இருப்போம்?

எந்த விமானம் என்பதைப் பொறுத்தது. விசிறி வைத்த ஏடிஆர் 72 மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் போகும். 417-ஐ 500-ஆல் வகுத்தால் 50 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது என்பதால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் 830 கி.மீ. வேகம் போகக்கூடியது, வகுத்துப் பார்த்தால் அரை மணி நேரம். ஆனால் இவ்வளவு குறுகிய பயணத்தில் அது முழு வேகத்தை எட்டிச் சில நிமிடங்களிலேயே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். எனவே முக்கால் மணி நேரம் ஆகும்.

வேகத்தில் இருக்கும் வித்தியாசம் நேரத்தில் தெரியாது. ஜெட்டா ஏடிஆரா என்று பார்த்து டிக்கெட் எடுப்பது இந்தப் பாதைக்குத் தேவையில்லாத வேலை. உங்கள் நேரத்துக்கு எது பொருந்துகிறதோ அதில் ஏறுங்கள்.

பிறகு ஏன் டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம், 1 மணி 25 நிமிடம் என்று போட்டிருக்கிறது?

டிக்கெட்டில் இருப்பது விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேரும் இடத்தில் முழுதாக நிற்பது வரைக்குமான நேரம். மதுரையில் ஓடுதளத்தின் முனைக்கு உருண்டு போவது, சென்னையில் இறங்கிய பின் நிறுத்துமிடம் வரை ஊர்ந்து வருவது, இரண்டும் இதில் சேரும். சென்னையில் இந்த ஊர்தல்தான் நேரத்தைத் தின்னும்.

மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுதளங்கள் இருக்கின்றன. ஆனால் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அதனால் ஒன்றில் விமானம் ஓடும்போது மற்றதை இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. காலையிலும் மாலையிலும் கூட்டம் கூடும்போது விமானத்தை வானிலேயே ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றவிடுவார்கள். கீழே மரக்காணம், மதுராந்தகம் ஏரி என்று ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப ஜன்னலில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள், வரிசையில் நிற்கிறோம்.

இதையெல்லாம் எதிர்பார்த்து விமான நிறுவனங்கள் அட்டவணையிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டித்தான் போடுகின்றன. தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேரும் மர்மம் இதுதான்.

மதுரையில் சில நாள் மேற்கே பார்த்துக் கிளம்புகிறது, சில நாள் கிழக்கே. ஏன்?

விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மதுரை ஓடுதளம் கிழக்கு மேற்காகப் போடப்பட்டது. நீளம் 2,285 மீட்டர். ஓடுதள முனைகளில் 09, 27 என்று எழுதியிருப்பது திசைமானியின் 90 பாகை, 270 பாகை என்பதன் சுருக்கம்.

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது மேற்கு நோக்கிக் கிளம்பும் வாய்ப்பு அதிகம். சென்னை வடகிழக்கில் இருப்பதால், மேற்கே கிளம்பினால் வானில் ஒரு பெரிய வளைவு போட்டுத் திரும்ப வேண்டும். சில நிமிடம் கூடும், அவ்வளவுதான். திருப்பரங்குன்றம் மலை விமான நிலையத்துக்கு வடமேற்கே பக்கத்திலேயே இருப்பதால், அந்தத் திருப்பத்தில் மலையை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும்.

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்குமா?

சென்னைப் பாதையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் ஏடிஆர் 54 நிமிடம் எடுக்கும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 46 நிமிடம். எட்டு நிமிட வித்தியாசம். மீனம்பாக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் அதுவும் போச்சு.

காற்று உண்மையில் விளையாடுவது நீண்ட பயணங்களில். அதைத் துபாய் கேள்வியில் சொல்கிறேன்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் மொத்தம் எவ்வளவு ஆகும்?

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மதுரை கே.கே.நகரில் இருக்கும் ஒருவர் சென்னை சென்ட்ரல் பக்கம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து ரிங் ரோடு வழியாக விமான நிலையத்துக்கு 40 நிமிடம். ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர்கிறார்: 90 நிமிடம். விமானம்: 80 நிமிடம். இறங்கிப் பெட்டி வருவதற்கு 20 நிமிடம். மெட்ரோ நிலையத்துக்கு நடக்க 10. சென்ட்ரல் வரை மெட்ரோவில் சுமார் 40. கூட்டினால் 280 நிமிடம். 4 மணி 40 நிமிடம்.

417 கி.மீ.யை இந்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 89 கி.மீ. துவரங்குறிச்சி தாண்டி ஒரு கார் சாதாரணமாகப் போகும் வேகம் அது! பெட்டியை உள்ளே போடாமல் கைப்பையோடு போய், வெப் செக்-இன்னும் முடித்துவைத்தால் அரை மணி நேரம் மிச்சமாகும். 4 மணி நேரத்துக்குக் கீழே கொண்டுவருவது கஷ்டம்.

அப்படியென்றால் வந்தே பாரத் ரயிலே போதாதா?

2023 செப்டம்பரில் திருநெல்வேலி – சென்னை வந்தே பாரத்தும், 2024 ஆகஸ்டில் நாகர்கோவில் – சென்னை வந்தே பாரத்தும் வந்த பிறகு இந்தக் கேள்விக்குப் பழைய பதில் செல்லாது. மதுரையிலிருந்து எழும்பூருக்கு ஆறு மணி நேரம், சற்று முன்பின். கே.கே.நகரிலிருந்து ஜங்ஷனுக்குப் போவது, கொஞ்சம் முன்னால் போய் நிற்பது எல்லாம் சேர்த்தால் 6 மணி 45 நிமிடம். விமானம் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது அவரவர் பை. என் கணக்கு இது: காலையில் போய் வேலையை முடித்து அன்றிரவே வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றால் விமானம்தான், பகல் ரயிலில் அது நடக்காது. ஒரு நாள் தங்கப் போகிறீர்கள், ரயிலில் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்ப்பீர்கள் என்றால் வந்தே பாரத். அல்லது 1977-லிருந்து ஓடும் வைகை எக்ஸ்பிரஸ். கொஞ்சம் மெதுவாகப் போகும், காசு குறைவு. 2019-இல் வந்த தேஜஸ் இரண்டுக்கும் நடுவே.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால் விடிவதற்குள் சென்னை. பகல் பொழுது ஒரு மணி நேரம்கூட வீணாகாது. மதுரைக்காரர்கள் இத்தனை வருடமாக பாண்டியனில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று புலம்புவதற்குக் காரணம் இருக்கத்தானே செய்கிறது.

காரில் போனால்?

460 கி.மீ., ஏழரை முதல் எட்டு மணி நேரம், சாப்பிட நிறுத்துவதையும் சேர்த்து. நான்கு பேர் போனால் செலவு கட்டுப்படியாகும். சமயபுரம், விக்கிரவாண்டி, பரனூர் என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும். பொங்கல், தீபாவளி முடிந்து திரும்பும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவீர்கள்.

நான் மதுரை ஊருக்குள் இல்லை. திண்டுக்கல், தேனி, காரைக்குடி, சிவகாசிக்காரர்களுக்கு எது லாபம்?

திண்டுக்கல்காரர்களுக்கு ரயில். விமானம் ஏற அவர்கள் சென்னைக்கு எதிர்த்திசையில் 65 கி.மீ.க்கு மேல் தெற்கே வர வேண்டும். அதே நேரத்தில் வந்தே பாரத் அவர்கள் ஊரிலேயே நின்று போகிறது. கணக்குப் போட்டால் இரண்டும் அரை மணி நேர வித்தியாசத்தில் முடியும்.

விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசிப் பக்கத்தவர்களுக்கு மதுரை விமான நிலையம் நல்ல வசதி. அது ஊருக்குத் தெற்கே இருப்பதால் மதுரை நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். தூத்துக்குடி விமான நிலையமும் மதுரையிலிருந்து 123 கி.மீ.தான் (திருச்சிக்கும் அதே 123, தற்செயல்தான்). கோவில்பட்டிக்குத் தெற்கே இருப்பவர்கள் இரண்டிலும் விலை பார்த்துவிட்டு எடுக்கலாம்.

தேனிக்காரர்கள் மதுரை ஊருக்கு 76 கி.மீ., அப்புறம் விமான நிலையம். வேறு பக்கத்து விமான நிலையம் இல்லை. காரைக்குடிக்காரர்களுக்கு மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய சம தூரம். வெளிநாடு போகிறவர்கள் திருச்சியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அங்கே வெளிநாட்டு விமானங்கள் அதிகம். ராமேஸ்வரத்திலிருந்து வருகிறவர்கள் 170 கி.மீ. சாலைக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

விமான நிலையத்துக்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும்?

உள்நாட்டுப் பயணம் என்றால் ஒன்றரை மணி நேரம். புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடும் நிறுவனங்கள் உண்டு. கேட்டை 25 நிமிடம் முன்பு மூடிவிடுவார்கள். விமானம் கண்ணெதிரே நின்றாலும் அப்புறம் ஏற்ற மாட்டார்கள். வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம்.

மாட்டுத்தாவணி, புதூர், தல்லாகுளம் பக்கம் இருப்பவர்கள் வைகையைக் கடந்துதான் வர வேண்டும். கோரிப்பாளையம், பெரியார் நிலையம், வில்லாபுரம், அவனியாபுரம் என்று ஊருக்குள் புகுந்தால் எந்தச் சிக்னலில் மாட்டுவோம் என்று சொல்ல முடியாது. மாட்டுத்தாவணியிலிருந்து ரிங் ரோட்டைப் பிடித்து விரகனூர் வழியாக மண்டேலா நகர் வந்துவிடுங்கள். தூரம் கூடினாலும் நேரம் உறுதி.

சித்திரைத் திருவிழா நாட்களுக்குத் தனிக் கணக்கு. எதிர்சேவை அன்றும் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. அந்த நாளில் வீடு வடகரையில், விமானம் காலையில் என்றால், முதல் நாள் இரவே தென்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம். மதுரையில் யாருக்குத்தான் வில்லாபுரத்தில் ஒரு சித்தப்பா இல்லை!

எந்த மாதங்களில் தாமதம் அதிகம்?

மதுரை வானம் பெரும்பாலும் தொந்தரவு தராது. தாமதம் வருவது சென்னையிலிருந்து. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. புயல் என்றால் மீனம்பாக்கத்தையே மூடிவிடுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுதளத்தில் தண்ணீர் புகுந்து பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று அப்புறமும் மூடினார்கள்.

மார்கழி, தை விடியற்காலையில் பனிமூட்டம். போகிப் பண்டிகையன்று அதோடு புகையும் சேரும். 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. போகியன்று காலை விமானத்தில் டிக்கெட் எடுக்காதீர்கள். மதியத்துக்கு மேல் எடுங்கள், வானம் தெளிந்திருக்கும்.

மதுரைக்கு வர வேண்டிய விமானமே சென்னையிலிருந்துதான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். சென்னையில் மழை என்றால், மதுரையில் வெயில் கொளுத்தினாலும் உங்கள் விமானம் தாமதம்தான்.

சென்னையைவிடக் கொழும்பு பக்கம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மதுரையிலிருந்து கொழும்பு விமான நிலையம் நேர்கோட்டில் 353 கி.மீ. சென்னையைவிட 60 கி.மீ.க்கு மேல் குறைவு. நேர்கோட்டில் பார்த்தால் சாயல்குடிப் பக்கம் கரையைக் கடந்து, அப்புறம் மன்னார் வளைகுடாவின் மேலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு மணி நேரப் பயணம். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே, கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் 2012 செப்டம்பரில் போனதும் கொழும்புக்குத்தான். ஆனால் பாஸ்போர்ட், விசா, சுங்கம் என்று மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதால் வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்கிட்டால் சென்னையே சீக்கிரம் வரும். இன்னொன்று, விமானம் இறங்குவது கட்டுநாயக்கவில். கொழும்பு ஊர் அங்கிருந்து 30 கி.மீ. தெற்கே.

பெங்களூரும் பக்கம்தானே?

விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு 375 கி.மீ. சென்னையைவிடக் குறைவுதான். ஆனால் பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊருக்கு வடக்கே இருக்கிறது. மதுரையிலிருந்து போகும் நீங்கள் தெற்கிலிருந்து ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, அப்புறம் சாலையில் தெற்கே திரும்பி வர வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் அந்தத் திரும்பும் பயணமே இரண்டு மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும். ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளிப் பக்கம் இருப்பவர்கள் இரவுப் பேருந்திலேயே வரலாம். ஹெப்பால், யலஹங்கா என்றால் விமானம் சரி. 2024 ஆகஸ்டிலிருந்து மதுரை – பெங்களூரு வந்தே பாரத்தும் ஓடுகிறது.

மற்ற ஊர்களுக்கு?

மதுரையிலிருந்து நேர்கோட்டில் ஹைதராபாத் 820 கி.மீ., மும்பை சுமார் 1,170 கி.மீ., டெல்லி 2,075 கி.மீ. ஜெட் விமானத்தில் நேரடியாகப் போனால் ஹைதராபாத் ஒன்றரை மணி நேரம், மும்பை இரண்டு மணி நேரம், டெல்லி மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் சென்னையில் மாறினால் இந்தக் கணக்கெல்லாம் போய்விடும்.

துபாய் போக எவ்வளவு நேரம்? போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு ஒரு நேரம் போட்டிருக்கிறதே?

தூரம் சுமார் 2,950 கி.மீ.; நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அபுதாபிக்கும் ஏறக்குறைய அதே தூரம்.

டிக்கெட்டில் நேரம் வேறுபட்டுத் தெரிவதற்கு முதல் காரணம் கடிகாரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். மதுரையில் மதியம் 12 மணிக்குக் கிளம்பி 4 மணி 15 நிமிடம் பறந்தால் அங்கே மணி 2.45. வரும்போது அதே மதியம் 12 மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் இங்கே மாலை 5.45 ஆகிவிடும். முதல் தடவை போகிறவர்களை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போகும் வீட்டார் இதில்தான் குழம்புவார்கள். டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். மதுரையில் இறங்கும் நேரம் மதுரை நேரம்தான், அதில் எதையும் கூட்டிக் கழிக்காதீர்கள்.

இரண்டாவது காரணம் காற்று. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று ஓடும். துபாய்க்குப் போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. மணிக்கு 80 கி.மீ. காற்று என்று வைத்தால் போக 3 மணி 56 நிமிடம், வர 3 மணி 15 நிமிடம், ஏறி இறங்கும் நேரம் தனி. நாற்பது நிமிட வித்தியாசம். தென்மேற்குப் பருவக்காலத்தில் தென்னிந்தியாவின் மேலே மிக உயரத்தில் காற்று நேர்மாறாக, கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். அதனால் ஆடி, ஆவணியில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

சென்னை விமானத்தில் எந்தப் பக்க ஜன்னல் நல்லது?

போகும்போது இடது பக்கம். நேர்கோட்டை ஒட்டிப் பறந்தால் மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் இடப்பக்கத்தில் ஐந்து முதல் எட்டு கி.மீ. தள்ளி வரும். காவிரியும் கொள்ளிடமும் முக்கொம்பில் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குவதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். தெளிவான நாளில் அதை முழுதாக ஒரே பார்வையில் பார்க்கலாம். கிளம்பி இருபது நிமிடத்தில் தயாராக இருங்கள். திரும்பும்போது வலது பக்கம்.

ஏடிஆரில் இறக்கை மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. ஆனால் நடுவரிசைகளில் உட்கார்ந்தால் ஜன்னல் முழுக்க விசிறியும் இயந்திரமும்தான். சத்தமும் அங்கேதான் அதிகம். சக்கரம் கீழே இறங்கி வந்து தரையைத் தொடுவதைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த இடம் பிடிக்கும். ஏடிஆரில் ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கக் கதவு வழியாகத்தான். அவசரக்காரர்கள் கடைசி வரிசையைக் கேட்டு வாங்குங்கள், முதல் ஆளாக இறங்கலாம். மேலே சாமான் வைக்கும் தட்டு சின்னது. சக்கரம் வைத்த பெட்டியை வாசலில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள், எனவே மாத்திரை, சாவி, பணம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

மதுரையிலிருந்து சென்னை போய் அங்கிருந்து வெளிநாட்டு விமானம் பிடிக்க எவ்வளவு இடைவெளி வேண்டும்?

இரண்டு டிக்கெட்டும் ஒரே முன்பதிவில் இருந்தால் நிறுவனம் கொடுக்கும் இடைவெளியை நம்பலாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. பெட்டியையும் பெரும்பாலும் மதுரையிலேயே கடைசி ஊர் வரைக்கும் போட்டுவிடலாம். கவுண்டரில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

தனித்தனியாக எடுத்திருந்தால் பெட்டியைச் சென்னையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வெளிநாட்டு முனையத்துக்கு நடந்து, புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். கார்த்திகை மாதம் என்றால் அதுவும் போதாது; முந்தின நாள் பாண்டியனில் கிளம்பிப் போய்விடுங்கள்.